வீட்டில் கட்டும் சிறு விமானத்தில் ஆன்டெனாக்களுக்கு இடம் பார்ப்பது எப்படி

சிறு விமானத்தைச் சொந்தமாகக் கட்டுகிறவர்கள் இயந்திரத்தைப் பற்றியும் இறக்கையைப் பற்றியும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். ஆன்டெனாவின் முறை வரும்போது விமான உடல் முழுவதும் மூடப்பட்டு, சில சமயம் வண்ணமும் பூசப்பட்டிருக்கும். எங்கே காலியிடம் தெரிகிறதோ அங்கே ஒரு துளை போட்டுப் பொருத்திவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு விஎச்எஃப் என்னும் வானொலிப் பேச்சுக் கருவி பொருத்தும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தேன். இப்போது புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு அருகே ஒரு கொட்டகையில் நண்பர்கள் இருவர் கட்டிவரும் இரண்டு இருக்கை அலுமினிய விமானத்தின் வானொலி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். படகில் கருவி பேசாமல் போனால் பக்கத்துப் படகை நெருங்கிக் குரல் கொடுத்துவிடலாம். தரையிறங்க வரும் விமானத்துக்கு அந்த வழி இல்லை என்பதால், இந்த வேலையில் எனக்கு அக்கறை கூடுதல்.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும் கம்பி, ஆன்டெனாவின் ஒரு பாதி மட்டுமே. விமானத்தில் பயன்படும் குத்துக்கம்பி ஆன்டெனாக்கள் பெரும்பாலும் கால் அலைநீள வகையைச் சேர்ந்தவை. அவற்றின் மறுபாதியாக வேலை செய்வது கம்பியின் அடியில் நாற்புறமும் விரிந்திருக்கும் உலோகப் பரப்பு. இதைக் கிரவுண்ட் பிளேன் என்பார்கள்; நான் அடித்தகடு என்று எழுதுகிறேன். கம்பியில் மின்னோட்டம் மேலே ஏறும்போது, அதே அளவு மின்னோட்டம் அடித்தகட்டில் பரவியாக வேண்டும். பரவ இடமில்லாவிட்டால் அது கேபிளின் வெளிப்புற உறை வழியே கருவிப் பலகை வரை ஓடிவந்து, தலைக்கேட்பானில் இரைச்சலாகவும் எரிபொருள் காட்டும் முள்ளின் துடிப்பாகவும் வெளிப்படும். ஆகவே ஆன்டெனாவுக்கு இடம் தேர்ந்தெடுப்பது என்றால், அதன் மறுபாதியைத் தேர்ந்தெடுப்பது என்றே பொருள். எவ்வளவு விலை உயர்ந்த கம்பியை வாங்கினாலும் தவறான இடம் அதைக் கெடுத்துவிடும். முறையான அடித்தகட்டின் மேல் நிற்கும் எளிய எஃகுக் கம்பி நன்றாகவே பேசும்.

படகு வேலையிலிருந்து வருகிறவர்கள் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கடலூரில் ஃபைபர் படகுகளின் மேல் நிற்கும் நீண்ட வெள்ளைக் குழாய் ஆன்டெனாக்களில் பெரும்பாலானவை அரை அலைநீள வகை என்பதால் அவற்றுக்கு அடித்தகடு தேவைப்படுவதில்லை. மரத்தூணிலும் ஃபைபர் கூரையிலும் அவை ஒன்றுபோல வேலை செய்யும். ஆனால் அவை 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள கடல் அலைவரிசைக்காகச் செய்யப்பட்டவை. விமானப் பேச்சு அலைவரிசையோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. கைக்குக் கிடைக்கிறது என்பதற்காகப் படகு ஆன்டெனாவை விமானத்தில் பொருத்தக் கூடாது. அதனுடன் சேர்ந்து, அடித்தகடு தேவையில்லை என்ற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

விமானத்தின் மேற்பரப்பு எதனால் ஆனது?

இடம் பார்ப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் மற்ற எல்லா முடிவுகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

அலுமினியத் தகட்டால் ஆன விமானத்தில் அடித்தகடு ஏற்கெனவே இருக்கிறது. ஆன்டெனாக்கள் அனைத்தும் வெளியே இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய விமானத்தில் குழாய்கள் உலோகம்தான் என்றாலும், இடையிடையே பெரிய வெற்றிடங்கள் இருப்பதால் அவற்றை மட்டும் நம்ப முடியாது. இரண்டு குறுக்குக் குழாய்களுக்கு இடையே ஓர் அலுமினியத் தகட்டைப் பொருத்தி, அதைச் சட்டத்துடன் உலோகத்தோடு உலோகம் படும்படி இணைத்து, அதன் மேல் கம்பியை நிறுத்த வேண்டும். தகட்டுக்கு இடமில்லையென்றால், கம்பியின் அடியிலிருந்து நான்கு திசைகளிலும் கால் அலைநீளத்துக்குச் செப்புப் பட்டைகளை ஓட்டலாம். துணி போர்த்திய விமானங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெயிலிலிருந்து துணியைக் காக்கப் பூசும் வெள்ளி நிறப் பூச்சில் அலுமினியத் தூள் கலந்திருப்பதால், அது அலைகளை ஓரளவு தடுக்கும். அதன் உள்ளே ஆன்டெனாவை மறைத்து வைக்கலாம் என்று எண்ணுகிறவர்கள், பூச்சுப் போட்ட துணித்துண்டு ஒன்றை வைத்து முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி இழை ஃபைபரும் மரமும் அலைகளுக்கு, ஒளியை உள்ளே விடும் கண்ணாடி போன்றவை. அவற்றில் ஆன்டெனாவை உள்ளேயே வைக்கலாம். காற்றுத் தடையும் அதிகரிக்காது, உப்புக் காற்றும் படாது. 1975-இல் முதன்முதலாகப் பறந்த, அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டானின் வேரிஈஸி வகை ஃபைபர் விமானங்களைக் கட்டியவர்கள், செப்புப் பட்டையை ஃபைபருக்குள் ஒட்டி இருமுனை ஆன்டெனாவாகச் செய்துகொண்ட முறை இன்றும் பயன்படுகிறது. இருமுனை ஆன்டெனாவில் இரண்டு பாதிகளும் பட்டைகளாகவே இருப்பதால் அடித்தகடு வேண்டாம். ஆனால் கேபிள் இணையும் இடத்தில் இரண்டு மூன்று ஃபெரைட் வளையங்களைக் கேபிளில் கோத்துவிட வேண்டும். இல்லையென்றால் கேபிளின் உறையே ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும்.

கார்பன் ஃபைபர் பார்வைக்கு ஃபைபராக இருந்தாலும் மின்சாரத்தைக் கடத்துவதால், அதன் உள்ளே வைத்த ஆன்டெனா இரும்புப் பெட்டிக்குள் வைத்தது போலத்தான். அதே சமயம் அடித்தகடாகவும் அதை முழுமையாக நம்ப முடியாது, கடத்துதிறன் குறைவு. கார்பன் உடலின் உட்புறம் செப்பு வலையோ தகடோ ஒட்டி, ஆன்டெனாவை வெளியே வைப்பதே சரி. கார்பனோடு அலுமினியம் நேரடியாகப் பட்டால் உப்புக் காற்றில் அலுமினியம் வேகமாக அரிக்கப்படும். நம் கடற்கரையில் இந்த இரண்டையும் ஒருபோதும் தொடவிடாதீர்கள்.

வரைபடம்

உடல் இன்னும் எலும்புக்கூடாக இருக்கும்போதே, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் தெரிகிற இரண்டு படங்களைப் பத்துக்கு ஒன்று என்ற அளவில் பெரிய தாளில் வரைந்துகொள்ளுங்கள். அதில் சட்டங்கள், சக்கரக் கால்கள், புகைபோக்கி, கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஓடும் வழி, எரிபொருள் தொட்டி, இருக்கைகள், மின்கலம் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு ஒவ்வோர் ஆன்டெனாவும் யாரோடு பேசப் போகிறது என்று எழுதுங்கள். ஜிபிஎஸ் வானத்தை மட்டுமே பார்க்க வேண்டும். ராடாரின் கேள்விக்குத் தானாகப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர், முக்கியமாகத் தரையிலுள்ள ராடாரோடு பேசுகிறது. விஎச்எஃப் கருவி கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடும் மற்ற விமானங்களோடும் பேசுகிறது. ஆபத்துக்கால ஒலிபரப்பி, விமானம் தரையில் நொறுங்கிக் கிடக்கும் நிலையில் வானத்திலுள்ள செயற்கைக்கோளை அழைக்க வேண்டும். இப்படி எழுதிவிட்டாலே பாதி இடங்கள் தானாக முடிவாகிவிடும். ஆன்டெனாவிலிருந்து அது பேச வேண்டிய திசைக்கு ஓர் அளவுகோலை வைத்து, குறுக்கே என்ன நிற்கிறது என்று பாருங்கள். அதுவே அதன் நிழல்.

விஎச்எஃப் அலைகள் நேர்க்கோட்டுப் பார்வையில் செல்பவை என்பதால், நிழலைப் பற்றிய இந்தக் கவலை வெறும் ஏட்டுக் கவலை அன்று. விமானத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்க மூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் தரையிலிருக்கும் ஒருவரை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் தோராயமாகக் கிடைக்கும். 300 மீட்டர் உயரத்தில் இது சுமார் 71 கிலோமீட்டர். லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து நெய்வேலி விமானத்தளம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் என்பதால், அந்த உயரத்தில் இரண்டையும் எட்டலாம். சென்னை விமான நிலையம் 110 கிலோமீட்டருக்கு மேல். அங்குள்ள ஆன்டெனாவின் உயரத்தைக் கணக்கில் கொண்டாலும் இன்னும் நன்றாக மேலே ஏறினால்தான் பேச முடியும். கடற்கரையில் சில நாட்களில், கடல்மேல் நிற்கும் காற்றடுக்கு அலையை வளைத்து மிகத் தொலைவிலிருந்தும் கேட்கச் செய்யும். அத்தகைய ஒரு நாளில் சோதனை செய்துவிட்டு ஆன்டெனா பிரமாதம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பேச்சு ஆன்டெனா

மிகுந்த நேரம் செலவிட வேண்டியது இதற்குத்தான். அலைவரிசையின் நடுப்பகுதியான 127 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளக் கம்பியின் நீளம் சுமார் 56 செ.மீ.; 118-இல் 60 செ.மீ., 137-இல் 52 செ.மீ. மெல்லிய கம்பி நடுவில் மட்டும் நன்றாகப் பேசும், தடித்ததும் அகன்றதும் இரு ஓரங்களையும் தாங்கும் என்பதால், செப்புப் பட்டையில் ஆன்டெனா செய்கிறவர்கள் அகலத்தில் கஞ்சத்தனம் செய்ய வேண்டாம். கம்பி செங்குத்தாக நிற்க வேண்டும், ஏனெனில் கோபுரத்தின் ஆன்டெனாவும் செங்குத்தானது. காற்றுத் தடைக்காகப் பின்னோக்கிச் சாய்ந்த கம்பிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் முழுவதும் படுக்கவைத்தால் எதிர்முனையில் ஒலி பெரிதும் மெலிந்துவிடும்.

அடித்தகடு கம்பியின் நீளத்துக்குக் குறையாமல் எல்லாத் திசைகளிலும் விரிந்திருப்பது உயர்ந்தபட்ச விருப்பம். அப்படியென்றால் 110 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வேண்டும். சிறு விமானத்தின் உடல் அகலம் அநேகமாக அவ்வளவு இருக்காது. அகலத்தில் விட்டுக்கொடுக்கலாம், நீளவாட்டில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தகட்டின் விளிம்பில் கம்பியை நிறுத்தினால், தகடு அதிகமாக விரிந்திருக்கும் பக்கமே ஒலி வலுவாகப் போகும். விமானி அறைக்கு நேர் பின்னால், கேனபி என்னும் கண்ணாடி மூடி முடியும் விளிம்பை ஒட்டிக் கம்பியை வைக்கிறவர்கள் முன்பக்கப் பேச்சை இழப்பது இதனால்தான். அங்கிருந்து அரை மீட்டர் பின்னால் தள்ளுங்கள்.

மேலே வைப்பதா, வயிற்றுப் பக்கம் வைப்பதா என்ற கேள்வி எல்லோரும் கேட்பது. பறக்கும்போது தரையோடு பேச வயிற்றுப் பக்கம் நல்லது. ஆனால் தரையில் ஓடும்போது வயிற்றுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே அரை மீட்டர்தான் இருக்கும். சக்கரக் கால்கள் இருபுறமும் உலோகத் தூண்களாக நிற்கும். புகைபோக்கியிலிருந்து வரும் எண்ணெய்ப் படலம் கம்பியின் அடியில் படியும். கம்பியே நீளமாக இருந்தால் தரையில் இடிக்கவும் கூடும். ஒரே ஒரு கருவி மட்டும் உள்ள விமானத்துக்கு, விமானி அறைக்கும் வாலுக்கும் நடுவில் உடலின் மேற்புறம் என்பதே என் தேர்வு. இரண்டு கருவிகள் இருந்தால் ஒன்று மேலே, மற்றொன்று கீழே. இரண்டையும் மேலேயே வைத்தால் ஒன்றில் பேசும்போது மற்றதன் காது அடைத்துப்போகும்.

செங்குத்து வாலையும் கணக்கில் கொள்ள வேண்டும். அது உலோகமாக இருந்தால் பின்பக்கம் நிழல் விழும். கம்பியை வாலிலிருந்து குறைந்தது கால் அலைநீளம், முடிந்தால் அதன் இரு மடங்கு முன்னே வையுங்கள். கண்ணாடி இழை ஃபைபர் வாலென்றால் நிலைமை நேர்மாறு. பேச்சு ஆன்டெனாவுக்கு அந்த வாலின் உட்புறத்தைவிட நல்ல வீடு அந்த விமானத்தில் இல்லை. அது உயரமானது, செங்குத்தானது, மனிதர்களிடமிருந்தும் இயந்திரத் தீப்பொறியின் இரைச்சலிலிருந்தும் விலகியது. வாலுக்குள் சுக்கானின் கட்டுப்பாட்டுக் கம்பி ஓடினால் அதிலிருந்து ஆன்டெனாவை இயன்றவரை தள்ளி வைக்க வேண்டும். வாலில் சேரும் ஒவ்வொரு கிராமும் எடைச் சமன்பாட்டை மாற்றும் என்பதால், நீண்ட கேபிளின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

துளை போடுவதற்கு முன் ஒரு நாள் செலவிட்டுச் சோதித்துப் பாருங்கள். தகடுகள் இன்னும் ரிவெட் அடிக்கப்படாமல் கிளிக்கோ என்ற தற்காலிக ஊசிகளால் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் நிலையே இதற்கு ஏற்றது. ஒரு சிறு அலுமினியத் துண்டில் கம்பியைப் பொருத்தி, அதைத் தகட்டின் விளிம்பில் வண்ணம் படாத இடத்தில் சி-கிளாம்பால் இறுக்கி, மூன்று நான்கு இடங்களில் மாற்றி மாற்றி நானோவிஎன்ஏ என்ற சிறு அளவைக் கருவியால் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்; 1-க்கு நெருக்கமாக இருந்தால் நல்லது) அளந்து குறித்துக்கொள்ளலாம். விளிம்பில் நிற்கும் கம்பியின் அளவு நடுவில் நிற்கப்போகும் கம்பிக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். நாங்கள் இப்படிச் செய்தபோது, வரைபடத்தில் மிக நன்றாகத் தோன்றிய ஓரிடம் மோசமாக வந்தது. உள்ளே அந்த இடத்துக்கு நேர் கீழே இரு தகடுகள் சேரும் மூட்டில் பாதுகாப்புப் பூச்சு தடித்திருந்ததால், தகடுகள் ஒன்றையொன்று மின்சார முறையில் தொடவே இல்லை. தகடு கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தெரிவது போதாது. மின்னோட்டத்துக்கும் அது தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

டிரான்ஸ்பாண்டர், ஜிபிஎஸ், ஆபத்துக்கால ஒலிபரப்பி

டிரான்ஸ்பாண்டர் 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்வதால், அதன் கம்பி சுண்டுவிரல் நீளமே. சுமார் 7 செ.மீ. வயிற்றுப் பக்கம், சக்கரக் கால்களிலிருந்து விலகி, புகைபோக்கியின் நேர்க்கோட்டில் இல்லாமல் வைக்க வேண்டும். புகையின் கரியும் எண்ணெயும் இந்தச் சிறு கம்பியின் மின்காப்பில் படிந்தால் ராடார் திரையில் விமானம் விட்டுவிட்டுத் தெரியத் தொடங்கும். ஒவ்வொரு பறத்தலுக்குப் பிறகும் துணியால் துடைப்பது நல்ல பழக்கம். ஃபைபர் உடலில் குறைந்தது 15 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தகடு அதற்கு வேண்டும். இடமிருந்தால் அதைவிடப் பெரிதாக வையுங்கள். இந்தக் கருவி மைக்ரோ நொடிகள் நீளும் துடிப்புகளாக 100 வாட்டுக்கு மேற்பட்ட ஆற்றலை வெளியிடுகிறது. இருக்கைக்கு நேர் கீழே அதைப் பொருத்தாதீர்கள், குறிப்பாகத் தடுக்க உலோகம் இல்லாத ஃபைபர் உடலில். ஒரு மீட்டராவது பின்னால் தள்ளினால் மனம் நிம்மதியாக இருக்கும்.

இந்த உயர் அலைவரிசையில் கேபிளின் நீளம் பெரிய செலவு. பழைய ஆர்ஜி-58 கேபிள் இங்கே உதவாது. இரட்டை உறையும் டெஃப்ளான் காப்பும் உள்ள ஆர்ஜி-400 வாங்கி, கருவிக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே கூடிய மட்டும் நீளம் குறைவாக ஓட்டுங்கள். விலை கூடுதல்தான்; ஒருமுறை போட்டால் அந்த விமானத்தின் ஆயுள் முழுவதும் இருக்கும்.

ஜிபிஎஸ் ஆன்டெனா மேற்புறத்தில், வானம் முழுவதும் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதன் இடத்தில் சிக்கல் அதிகம் இல்லை. ஃபைபர் உடலென்றால் உள்ளே ஒரு தட்டில் கிடைமட்டமாக வைத்துவிடலாம். நம் பகுதிக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஜிபிஎஸ் காட்டும் இடத்தைத் திருத்தித் தரும் இந்தியாவின் ககன் அமைப்பின் திருத்தச் செய்திகளை அனுப்பும் செயற்கைக்கோள்களில் ஒன்றான ஜிசாட்-10, 83 டிகிரி கிழக்கில் நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்பதால், புதுச்சேரியிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ தலைக்கு மேலேயே இருக்கிறது. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்து திரும்பினாலும் மேற்புற ஆன்டெனாவிலிருந்து அது எளிதில் மறைவதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஜிபிஎஸ் அலை தரையை அடையும்போது மிக மிக மெலிந்திருக்கும். அதன் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். பேச்சுக் கருவி 121.2 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால் அதன் 13-ஆம் மடங்கு 1575.6, 131.3-இல் ஒலிபரப்பினால் 12-ஆம் மடங்கும் அதே 1575.6. கருவியிலிருந்து கசியும் மிகச் சிறிய மடங்கு அலைகூட ஜிபிஎஸ்ஸை மூழ்கடித்துவிடும். ஆகவே இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையே முடிந்தால் ஒரு மீட்டர் விடுங்கள். எந்த நிலையிலும் 60 செ.மீ.-க்குக் குறைக்காதீர்கள். எல்லாம் பொருத்தி முடித்த பின், 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆகிய அலைவரிசைகளுக்கு ஜிபிஎஸ் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்ப்பது விமானத் துறையில் வழக்கமாக உள்ள சோதனை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தொல்லை, ஆபத்துக்கால ஒலிபரப்பியின் ஆன்டெனா. அது ஆபத்து அழைப்புக்குரிய 121.5 மெகாஹெர்ட்ஸுக்கும் ஏற்றதாக இருப்பதால், பேச்சு ஆன்டெனாவின் பக்கத்தில் நின்றால் பேச்சு அலையை வாங்கி, மடங்கு அலைகளாகத் திருப்பி உமிழக்கூடும். பேச்சுக் கருவியில் பேசும்போது மட்டும் ஜிபிஎஸ் காணாமல் போகிறது என்றால், ஒலிபரப்பியின் கேபிளைக் கழற்றிவிட்டு மீண்டும் பேசிப் பாருங்கள். குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

ஒலிபரப்பியின் ஆன்டெனாவுக்கு இடம் பார்க்கும்போது விபத்தைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். மனத்துக்குக் கசப்பான வேலை. ஆனாலும் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. விமான உடல் எங்கே முறியும்? பெரும்பாலும் விமானி அறைக்குப் பின்னால். ஒலிபரப்பி பின்பகுதியிலும் ஆன்டெனா முன்பகுதியிலும் இருந்தால், முறிவில் கேபிள் அறுந்து பெட்டி ஊமையாகிவிடும். இரண்டும் முறிவின் ஒரே பக்கத்தில், கையெட்டும் தொலைவில், மேற்புறத்தில், கம்பி செங்குத்தாக இருக்கும்படி அமைய வேண்டும். அழகுக்காகவும் காற்றுத் தடைக்காகவும் இந்தக் கம்பியை வாலின் மூடிக்குள் மடித்துப் படுக்கவைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கேட்பதை நிறுத்திவிட்டன. 406 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பியையே வாங்கி, பெங்களூருவிலுள்ள இந்தியக் கட்டுப்பாட்டு மையத்தில் பதிவுசெய்யுங்கள். பதிவு இல்லாத பெட்டி அழைத்தால், அழைப்பது யார் என்று கண்டுபிடிப்பதிலேயே நேரம் போய்விடும்.

விஓஆர் வழிகாட்டிக் கருவி வைக்கிறவர்கள் இப்போது குறைவு. வைப்பதானால் அதன் ஆன்டெனா கிடைமட்டமாக, சுமார் 63 செ.மீ. நீளமுள்ள இரு கைகளோடு வாலின் உச்சியில் இருக்கட்டும்.

உப்புக் காற்றில் பொருத்துதல்

இடம் முடிவான பிறகு, மெல்லிய தகட்டில் நேரடியாகத் துளை போட்டு ஆன்டெனாவை நிறுத்தாதீர்கள். அரை மில்லிமீட்டர் தகடு காற்றின் அதிர்வில் துளையைச் சுற்றி வெடிக்கும். உட்புறம் அதே கனமுள்ள வலுவூட்டும் தகட்டை வைத்து, அதை அருகிலுள்ள சட்டங்கள் வரை நீட்டி ரிவெட் அடிக்க வேண்டும்.

அடுத்தது அடிப்பகுதியும் தகடும் தொடும் இடம். இதில் நான் பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். இதற்கு முன் ஒரு பழைய மைக்ரோலைட் விமானத்தில், வண்ணத்தைச் சுரண்டாமல் திருகாணிகள் மின்தொடர்பைக் கொடுக்கும் என்று நம்பிப் பேச்சு ஆன்டெனாவைப் பொருத்தினேன். பொருத்திய அன்று எஸ்டபிள்யூஆர் 1.4. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டரில் இரண்டு ஐப்பசி, கார்த்திகை மழைகளைக் கண்ட பின் அது 3-ஐத் தாண்டியிருந்தது. கழற்றிப் பார்த்தால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியைச் சுற்றி அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூத்திருந்தது. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் புகுந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகி, அலுமினியம் கரையத் தொடங்கும். அதற்கு நானே இடம் கொடுத்திருந்தேன்.

அன்றிலிருந்து நான் செய்யும் முறை இது. அடிப்பகுதி படும் இடத்தில் வண்ணத்தையும் பூச்சையும் முழுமையாக நீக்கி, தகடு பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்கிறேன். மின்சாரம் கடத்தும் குரோமேட் பூச்சை உடனே பூசி, காய்ந்ததும் ஆன்டெனாவை இறுக்குகிறேன். மில்லி ஓம் அளக்கும் கருவியால் அடிப்பகுதிக்கும் தகட்டுக்கும் இடையே 3 மில்லி ஓமுக்கு மேல் இல்லை என்று உறுதி செய்த பிறகே, வெளிவிளிம்பைச் சுற்றி விமான சீலன்ட் பூசுகிறேன். சீலன்ட் வெளியே மட்டும். அடியில் போட்டால் அதுவே மின்காப்பாகிவிடும். கேபிள் இணைப்பின் மேலும் நீர் புகாத சுருக்குக் குழாய் போட்டு, இணைப்புக்கு முன் கேபிளைச் சற்றுத் தாழ்வாக வளைத்துவிடுங்கள். உள்ளே வியர்க்கும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வளைவின் ஆரம் 5 செ.மீ.-க்குக் குறைய வேண்டாம்.

அளத்தல்

எஸ்டபிள்யூஆரை முதலில் ஆன்டெனாவின் அடியிலேயே அளக்க வேண்டும், பிறகு கருவி இருக்கும் முனையில். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. கெட்டுப்போன நீண்ட கேபிள், திரும்பி வரும் ஆற்றலை வழியிலேயே விழுங்கி, மோசமான ஆன்டெனாவையும் நல்லதாகக் காட்டும். எஸ்டபிள்யூஆர் 1.5 என்றால் 4 விழுக்காடு ஆற்றல் திரும்புகிறது, 2 என்றால் 11, 3 என்றால் 25. அலைவரிசையின் இரு ஓரங்களிலும் 2-க்குள் இருந்தால் நான் கையை எடுத்துவிடுவேன், 1.2-க்குக் கொண்டுவரக் கம்பியை வெட்டிக்கொண்டே போவதில் கேட்பவருக்குத் தெரியும் வேறுபாடு எதுவும் இல்லை.

எஸ்டபிள்யூஆர் நன்றாக இருப்பதால் மட்டும் எல்லாத் திசையிலும் பேசும் என்று கொள்ள முடியாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். திறந்த வெளியில் விமானத்தை நிறுத்தி, 200 மீட்டர் தள்ளி ஒரு நண்பரைக் கையடக்கக் கருவியோடு நிறுத்துங்கள். உரிமத்தில் அனுமதிக்கப்பட்ட அலைவரிசையில், கோபுரத்துக்கு முன்பே தெரிவித்துவிட்டு, குறைந்த ஆற்றலில் சில நொடிகள் மட்டும் ஒலிபரப்புங்கள், சோதனைக்காக 121.5-ஐத் தொடவே கூடாது. விமானத்தை 30 டிகிரி வீதம் திருப்பித் திருப்பி, நண்பரின் கருவி காட்டும் வலிமையை 12 இடங்களில் குறித்து வட்டமாக வரைந்தால், நிழல் விழும் திசை கண்ணெதிரே தெரியும். எங்கள் விமானத்தில் வலப்புறப் பின்பக்கம் மட்டும் பள்ளமாக வந்தது. உள்ளே கேபிள் கட்டோடு கட்டாக ஓடிய, எங்கும் இணையாமல் விடப்பட்ட ஓர் உபரிக் கம்பிதான் காரணம். அதை எடுத்தோம், வட்டம் சீரானது. இயந்திரம் ஓடும்போதும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தீப்பொறி இரைச்சல் அப்போதுதான் தெரியும்.

அளந்த எண்கள் அனைத்தையும் தேதியோடு விமானத்தின் பதிவேட்டில் எழுதி, இட வரைபடத்தையும் அதனுடன் இணைத்துவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்து தை பிறந்த பின், அதே கருவியால் அதே இடத்தில் அளந்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். எஸ்டபிள்யூஆர் 0.3-க்கு மேல் நகர்ந்திருந்தால், சீலன்ட்டை அறுத்து ஆன்டெனாவைக் கழற்றி, அடியில் வெள்ளைத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள்.